கொள்வனவுக் குறிப்பு

சிலாவத்தை யார்டில்
இரண்டு பாதைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.
நடக்கிற பாதை இல்லை, மிதக்கிற பாதை.
எங்கள் பக்கம் அதற்கும் அதே பெயர்தான்.

இருபத்திரண்டு அடி, இரண்டும்.
அடியில் அலுமினியக் குழாய் இரண்டிரண்டு,
மேலே பலகைத் தட்டு, சுற்றிவரக் கம்பி,
பின்னால் எஞ்சின் பூட்ட ஓர் இடம்.
ஒரே டின்னில் தோய்த்த நீலம்.
கடுதாசியில் இருந்த வித்தியாசம்
இருபத்தெட்டாயிரம் ரூபாய்.

கொக்குத்தொடுவாயிலிருந்து ஏழு பேர் போயிருந்தோம்,
லான்ட்மாஸ்டர் பெட்டியில், மூன்று மணித்தியாலம்.
அவரவர் தலைக்குள் அவரவர் சுமை:
செபமலருக்கு இறால் பெட்டி,
தில்லையம்பலத்தாருக்கு இரண்டு நாம்பன்,
மாரிக்குக் களப்பு ஏறினால் அக்கரையில் நிற்கிற
பள்ளிக்கூடச் சைக்கிள்கள்.

பத்திநாதர் குழாயைத் தட்டினார்.
முதலாவது ணங் என்றது.
இரண்டாவது, வாய்க்குள் சோற்றோடு பேசுகிறவன் போல,
ம் என்றது.
"உதுக்குள்ள நுரை அடைச்சிருக்கு.
ஓட்டை விழுந்தாலும் தாழாது," என்றான் யார்டுப் பெடியன்.
"ஓட்டை விழுந்ததும் தெரியாது," என்றார் பத்திநாதர்.
அரை மணித்தியாலம் அதிலேயே போனது.
வெறுங்குழாய்க் கட்சி ஒன்று, நுரைக் கட்சி ஒன்று.
யாரோ சோடா வாங்கி வந்தார்கள்.

காசு தருகிற நிறுவனம்
மூன்று விலைமனு கேட்டிருந்தது.
மூன்றாவது மனு மச்சானின் பெயரில்,
அதே பெடியனின் கையெழுத்து.
கண்டும் காணாமல் விட்டேன்.
பொருளாளர் நான்,
கூட்டத்துத் தேத்தண்ணிக்குச் சீனியை எண்ணிப் போடுகிறவள் என்று
சங்கத்தில் எனக்குப் பெயர்.
மலிந்ததைத்தான் கேட்பேன் என்று
எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

தண்ணீரில் இறக்கி ஏறிப் பார்த்தோம்,
ஏழு பேரும், பத்து மணல் மூட்டையும்.
இரண்டும் ஒரே அளவு தாழ்ந்தன.
இரண்டும் ஒரே மாதிரி ஆடின.

முதலாவதின் வாசலில் ஒரு விளிம்பு,
நாலு விரல் உயரம்.
அலை உள்ளே வராமலிருக்க என்றான்.
இரண்டாவதில் பலகை அப்படியே வந்து
கரையோடு சமமாய் முடிந்தது.

விளிம்பு என்றால் என் வலது கால்
யோசிக்காது, ஏறிவிடும்.
இடது ஜெய்ப்பூர்க் கால்.
அதைச் சீலையோடு சேர்த்துப் பிடித்து
தூக்கி வைக்க வேண்டும்.
தூக்க முதல் நாலு கை நீண்டது.
நல்ல கைகள்தான்.
ஒன்றில் இன்னும் சோடாப் போத்தல்.

நாளுக்கு இரண்டு தரம்,
லீவுகள் கழித்து வருசத்துக்கு அறுநூறு.
இருபத்தெட்டாயிரத்தை அறுநூறால் பிரித்தால்
நாற்பத்தாறு ரூபாய், கொஞ்சம் சில்லறை.
ஊரில் இப்படிக் கால்கள்
என்னுடையதோடு பன்னிரண்டு.
அதாலும் பிரித்தால் நாலு ரூபாய்க்கு உள்ளே.
பஸ்ஸில் மிச்சம் தராமல் விடுகிற காசு.

"இரண்டாவது," என்றேன்.

பத்திநாதர் என்னைப் பார்த்தார்.
நுரைக் கட்சியும் பார்த்தது,
வென்றவர்களுக்குரிய சந்தோசம் இல்லாமல்.
"விலை கூடவெல்லோ அக்கா?"
"ஓம். கூட."

செயலாளர் உதயசீலன் கொப்பியை விரித்தான்.
கூடிய விலைக்கு எடுத்தால்
காரணம் எழுத வேண்டும், அது விதி.
"என்னவெண்டு போட?"

நுரையைச் சொல்லியிருக்கலாம்.
சொல்லியிருந்தால் இன்னும் அரை மணித்தியாலம்.
"நிறம் பிடிச்சிருக்கு. அப்பிடிப் போடு."

இரண்டு நீலத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.
வேறெங்கும் பார்க்கவில்லை, கவனமாய்.
பேனையை உதறி
நிறம் என்று எழுதினான்.
ஏழு பேரும் ஒப்பம் வைத்தோம்.

போகிற போக்கில் பத்திநாதர்
இன்னுமொருக்கால் அதைத் தட்டிப் பார்த்தார்.
ம் என்றது.